வீட்டில் நாலு கணினி, கையில் ஒரு லைசன்ஸ்: எதை எத்தனையில் போடலாம்?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரே ஒரு கணினியோடு இருக்கும் வீட்டைக் காண்பது இப்போது கடினம். ஹோலில் ஒரு பழைய டெஸ்க்டொப், அப்பாவின் கடைக் கணக்குக்கு ஒரு லப்டொப், கம்பஸ் போகும் மகளுக்கு ஒன்று, உயர்தரம் படிக்கும் மகனுக்கு செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஒன்று. புதிதாக ஒஃபிஸோ அன்டிவைரஸோ வாங்கப் போனால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒண்டு வாங்கினா வீட்டில எல்லாத்துக்கும் போடலாம்தானே?"

சிலவற்றைப் போடலாம், பலவற்றைப் போட முடியாது. மென்பொருளின் பெயரை வைத்து இதைச் சொல்ல இயலாது. அதன் லைசன்ஸ் எதை எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். சில லைசன்ஸ்கள் கணினியை எண்ணும். சில ஆளை எண்ணும். சில குடும்பத்தை எண்ணும். சில ஒரே நேரத்தில் எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று பார்க்கும். இன்னும் சில எண்ணிக்கையைக் கண்டுகொள்ளாது, என்ன வேலைக்குப் பாவிக்கிறீர்கள் என்பதை மட்டும் கேட்கும். வாங்கும் முன் இது எந்த வகை என்று தெரிந்துவிட்டால் காசும் மிஞ்சும், பின்னால் வரும் தலையிடியும் குறையும்.

முதல் வேலை: இருப்பதை எழுதி வையுங்கள்

புதிதாக எதையும் வாங்காமல் முதலில் ஒரு சீஆர் கொப்பியை எடுங்கள். கணினியில் எழுதி வைப்பதைவிடக் கொப்பி நல்லது, ஏனென்றால் கணினி பழுதாகும் நாளில்தான் இந்தக் கணக்கு தேவைப்படும். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் மொடல், தொடரிலக்கம், யார் பாவிக்கிறார்கள், படிப்புக்கா தொழிலுக்கா என்பதை எழுதுங்கள். அதற்குக் கீழே காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொரு மென்பொருளையும், எந்த ஈமெயில் அக்கவுண்டில் அது பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டைப் படம் பிடித்து வைப்பதும் முக்கியம். வெப்பத்தாளில் அடிக்கும் கடைப் பில்லின் மை சில மாதங்களிலேயே மங்கிப்போகும்.

இதில் பெரும்பாலானவர்கள் தவறவிடுவது ஈமெயில் அக்கவுண்டைத்தான். கடைக்காரர் தன் வசதிக்கு ஒரு புது அக்கவுண்ட் திறந்து, அதில் ஒஃபிஸை அக்டிவேட் பண்ணிக் கொடுத்துவிடுவார். பாஸ்வேர்ட் அவரிடமே இருக்கும். அடுத்த வருடம் லப்டொப்பை ஃபோர்மட் பண்ணும்போது, காசு கொடுத்து வாங்கிய பொருளை நீங்களே திறக்க முடியாத நிலை வரும். எந்தக் கடையில் வாங்கினாலும் உங்கள் சொந்த அக்கவுண்டில், உங்கள் கண்முன்னே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

விண்டோஸ்: ஒரு லைசன்ஸ், ஒரு கணினி

விண்டோஸ் கணினியை எண்ணும் வகை, இதில் விதிவிலக்குத் தேட வேண்டாம். நாலு கணினி என்றால் நாலு லைசன்ஸ். ஒரே கணினிக்குள் வேர்ச்சுவல் மெஷின் அமைத்து இன்னொரு விண்டோஸை ஓட்டினாலும் அதற்குத் தனி லைசன்ஸ் வேண்டும்.

ஆனால் கணினி மாறும்போது லைசன்ஸ் கூட வருமா என்பது வாங்கிய விதத்தைப் பொறுத்தது. தனியாகப் பெட்டியிலோ மைக்ரோசொஃப்ட்டின் ஒன்லைன் கடையிலோ வாங்கியது ரீடெய்ல் லைசன்ஸ். பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு உங்களுடைய புதிய கணினிக்கு அதைக் கொண்டுபோகலாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. லப்டொப்போடு தொழிற்சாலையிலேயே வந்தது ஓஇஎம் லைசன்ஸ். அது அந்த லப்டொப்போடு பிறந்தது, அதோடேயே முடியும். லப்டொப்பை விற்றால் லைசன்ஸும் வாங்கியவருக்குப் போகும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி டெஸ்க்டொப் பூட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே மலிவான விலைக்கு ஓஇஎம் விண்டோஸ் கொடுத்தால் அது அந்த மதர்போர்டோடு, அதாவது மற்றப் பாகங்களைப் பூட்டும் பிரதான பலகையோடு, கட்டுப்படும். பின்னர் வேகம் போதாதென்று நீங்களாக மதர்போர்டை மாற்றினால் மைக்ரோசொஃப்ட்டின் கணக்கில் அது புதுக் கணினி. பழுதான போர்டுக்குப் பதில் போடுவது மட்டும் வேறு விடயம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாகம் மாற்றும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் கூடுதல் காசு கொடுத்து ரீடெய்ல் வாங்குவதே நியாயம் என்பேன்.

இப்போது உங்கள் கணினிகளில் இருப்பது என்ன என்று பாருங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் என்று போனால் நிலைமை தெரியும். டிஜிட்டல் லைசன்ஸ் என்றும், அது உங்கள் மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டோடு இணைந்திருக்கிறது என்றும் வந்தால் சரி. வெறும் டிஜிட்டல் லைசன்ஸ் என்று மட்டும் வந்தால், உங்கள் அக்கவுண்டில் சைன் இன் பண்ணி இணைத்துவிடுங்கள். பாகம் மாற்றிய பிறகு மீண்டும் அக்டிவேட் பண்ண அது உதவும்.

ஒரு நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை மூலம் இயக்கப்பட்டது என்று வந்தால் நின்று யோசியுங்கள். வேலையிடம் கொடுத்த லப்டொப் என்றால் அது இயல்பு. கடையில் வாங்கிய வீட்டு லப்டொப்பில் அப்படி வரவே கூடாது. பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் லைசன்ஸுக்காக உள்ள கேஎம்எஸ் என்ற முறையைப் போலியாக நடித்துக் காட்டும் ஒரு புரோகிராம் அங்கே ஓடியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். அந்த முறையில் அக்டிவேஷன் 180 நாட்களுக்கு மட்டுமே செல்லும், தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். அதற்காகப் போலி புரோகிராம் பின்னணியில் தங்கிவிடும். அதைப் போடும்போது விண்டோஸோடு வரும் அன்டிவைரஸான டிஃபெண்டரை நிறுத்தியிருப்பார்கள். இப்படிப்பட்ட கோப்புகளோடு பாஸ்வேர்ட் திருடும் வைரஸ்கள் ஒட்டி வருவது சாதாரணம். அதே லப்டொப்பில்தான் வீட்டில் ஒருவர் வங்கி வேலையையும் பார்ப்பார்.

செகண்ட்ஹேண்ட் லப்டொப்பில் ஒளிந்திருக்கும் லைசன்ஸ்

வெளிநாட்டுக் கொம்பனிகள் பாவித்துக் கழித்த டெல், லெனோவோ, எச்பி லப்டொப்கள் கொழும்பில் தாராளமாகக் கிடைக்கின்றன. நல்ல உறுதியானவை, மாணவர்களுக்கு நான் தயங்காமல் சொல்பவை. அவற்றில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து லப்டொப் தயாரிப்பாளர்கள் விண்டோஸ் கீயை, அதாவது அக்டிவேட் பண்ணும் குறியீட்டை, மதர்போர்டின் சிப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் அது அழியாது.

இங்கே நடப்பது இதுதான். சில லப்டொப்களில் சிப்புக்குள் ஹோம் பதிப்பின் கீ இருக்கும். கடையில் எல்லா லப்டொப்புக்கும் ஒரே யூஎஸ்பியிலிருந்து புரோ பதிப்பைப் போட்டு, போலி முறையில் அக்டிவேட் பண்ணிவிடுவார்கள். நியாயமான லைசன்ஸ் உள்ளேயே இருக்க, களவு விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை. உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து வையுங்கள். மைக்ரோசொஃப்ட்டின் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட யூஎஸ்பி ஒன்றைத் தயாரியுங்கள். டிஸ்க்கை முழுக்கத் துடைத்து விண்டோஸை நிறுவுங்கள். சிப்பில் கீ இருந்தால் நிறுவும் புரோகிராம் அதைத் தானே கண்டுபிடித்து, அதற்குரிய பதிப்பைப் போடும். அது விண்டோஸ் 10 அல்லது 11க்கான கீ என்றால், இணையத்தில் இணைத்ததும் அக்டிவேட் ஆகிவிடும்.

விண்டோஸ் 7 ஸ்டிக்கர் ஒட்டிய பழைய லப்டொப்பை நம்பி வாங்காதீர்கள். விண்டோஸ் 7, 8 கீகளைக் கொண்டு புதிய விண்டோஸுக்கு இலவசமாக மேலேறும் வழியை மைக்ரோசொஃப்ட் 2023 செப்டெம்பரில் மூடிவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்க டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சிப் வேண்டும். வாங்கும்போதே அதைக் கேளுங்கள். ஏற்கெனவே வீட்டில் மேலேற முடியாத விண்டோஸ் 10 கணினிகள் இருந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குப் பதிவு செய்யலாம். செட்டிங்ஸைக் கிளவுட்டில் சேமிக்க ஒப்புக்கொண்டால் அது இலவசம், இல்லையென்றால் 30 டொலர். ஒரு மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டில் எடுத்த பதிவு 10 கணினிகள் வரை செல்லும். ஒருவர் பதிவு செய்து முழு வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளக்கூடிய விடயங்களில் இதுவும் ஒன்று.

ஒஃபிஸ்: குழப்பம் அதிகம், மிச்சமும் அதிகம்

ஒஃபிஸ் 2007, 2010 காலத்து ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் பெட்டி ஒன்றை ஒரே வீட்டின் 3 கணினிகளில் போடலாம். "ஒண்டு வாங்கினா மூண்டுக்குப் போடலாம்" என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வந்தது. 2013 பதிப்போடு அது நின்றுவிட்டது. அதன் பிறகு ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் ஒஃபிஸ் எல்லாம் ஒரு கணினிக்கு மட்டுமே. கடையில் தனியாக வாங்கியதை உங்கள் வேறு கணினிக்கு மாற்றலாம், ஆனால் 90 நாட்களுக்கு ஒருமுறைக்கு மேல் மாற்ற முடியாது, கணினி பழுதானால் ஒழிய. லப்டொப்போடு சேர்ந்து வந்த ஒஃபிஸ் அந்த லப்டொப்போடே நிற்கும்.

சந்தாவுக்கு எடுக்கும் மைக்ரோசொஃப்ட் 365 வேறு கணக்கு. அது ஆளை எண்ணுகிறது. பேர்சனல் என்பது ஒருவருக்கு. அவர் எத்தனை கருவிகளிலும் நிறுவலாம், ஆனால் ஒரே நேரத்தில் 5 கருவிகளில்தான் சைன் இன் ஆகியிருக்கலாம். ஃபேமிலி என்பது வாங்கியவரையும் சேர்த்து 6 பேருக்கு. ஒவ்வொருவருக்கும் அதே 5 கருவிகள், ஒவ்வொருவருக்கும் இணையத்தில் கோப்புகளைச் சேமிக்க 1 டிபி ஒன்டிரைவ்.

ஃபேமிலியை எடுத்துவிட்டுப் பல வீடுகளில் செய்யும் தவறு, அப்பாவின் ஈமெயிலையும் பாஸ்வேர்ட்டையும் எல்லோருக்கும் கொடுப்பது. ஆறு பேருக்குக் காசு கொடுத்து ஒருவருக்குரியதைப் பாவிக்கிறீர்கள். மகளின் அசைன்மென்ட்டும் அப்பாவின் கடைக் கணக்கும் ஒரே ஒன்டிரைவில் கலக்கும். ஆறாவது கருவியில் சைன் இன் பண்ணும்போது இன்னொன்று வெளியே தள்ளப்படும். சரியான முறை இது: வாங்கியவர் மைக்ரோசொஃப்ட் அக்கவுண்ட் பக்கத்துக்குப் போய், சந்தாவில் பகிர்வு என்ற இடத்தில் மற்ற ஐந்து பேரின் ஈமெயிலுக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் தங்கள் சொந்த அக்கவுண்டில் அதை ஏற்க வேண்டும். ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்க முடியாது, காசு கட்டுபவரும் பார்க்க முடியாது.

மூன்று பேருக்கு மேல் ஒஃபிஸ் உண்மையிலேயே வேண்டுமென்றால் ஃபேமிலிதான் தலைக்கு மலிவு. வருடத்துக்கு இரண்டு கடிதம் அடிப்பவருக்கு அது வீண். சந்தா முடிந்தால் கணினியில் இருக்கும் கோப்புகள் அழியாது, திறந்து வாசிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். திருத்த மட்டும் முடியாது.

மகளுக்குக் கம்பஸ் கொடுத்த ஒஃபிஸ் இருந்தால் அது அவளுக்கு மட்டுமானது. தம்பியின் லப்டொப்பில் அவளுடைய அக்கவுண்டைப் போட்டுக் கொடுப்பது விதிக்குப் புறம்பு. படிப்பு முடிந்து அக்கவுண்ட் மூடும்போது அதற்குள் இருக்கும் கோப்புகளும் போய்விடும். இறுதி வருடத்திலேயே எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆளையும் குடும்பத்தையும் எண்ணும் மற்றவை

ஃபோட்டோஷொப் போன்றவை அடங்கிய அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் தனிநபர் சந்தாவை எத்தனை கணினியிலும் நிறுவலாம். 2 கணினிகளில் அக்டிவேட்டாக வைத்திருக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டிலும் ஓட்டக் கூடாது. அதாவது டெஸ்க்டொப்பும் லப்டொப்பும் வைத்திருக்கும் ஒருவருக்கான ஏற்பாடு அது, அண்ணனும் தங்கச்சியும் பங்குபோடுவதற்கானது அல்ல.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இயங்குதளம் பற்றிக் கவலை இல்லை, மேக்ஓஎஸ் உங்களுடைய எல்லா மேக்குகளுக்கும் இலவசம். அப்பிள் அல்லாத கணினியில் போட லைசன்ஸ் இடம் தராது. அப்பிள் ஃபேமிலி ஷேரிங்கில் 6 பேர் சேரலாம். வாங்கிய அப்களைப் பகிர எல்லோரின் அக்கவுண்டும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். டொரொண்டோவில் இருக்கும் அண்ணனையும் சேர்த்துக் கணக்குப் போடும் நம் குடும்பங்களுக்கு இது முக்கியம். ஸ்டீம் என்ற ஒன்லைன் கடையில் வாங்கும் கணினி விளையாட்டுகளிலும் 6 பேர் குடும்பம் உண்டு, ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் விளையாடலாம்.

அன்டிவைரஸ்: பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கள்

கடையில் "மூண்டு யூசர்" என்று விற்பார்கள், பெட்டியில் இருப்பது 3 கருவிகள். ஒருவரின் லப்டொப், ஃபோன், டப்லெட் மூன்றும் அதில் சேர்ந்துவிட்டால் அவ்வளவுதான், மூன்று பேருக்கு வராது. காலமும் முதல் அக்டிவேஷனிலிருந்து ஓடத் தொடங்கும். மூன்றாவது கருவியை ஆறு மாதம் கழித்துச் சேர்த்தால் அதற்கு மிச்சம் ஆறு மாதம்தான். அதனால் ஒரே நாளில் மூன்றிலும் போடுங்கள்.

லண்டனிலிருந்து வரும் மாமாவிடம் மலிவாகக் கிடைக்கிறதென்று அன்டிவைரஸ் சொல்லி அனுப்பாதீர்கள். கஸ்பர்ஸ்கி போன்றவற்றின் கோட் விற்கப்பட்ட பிராந்தியத்துக்குள்தான் அக்டிவேட் ஆகும்.

என் கருத்தில், விண்டோஸ் ஒழுங்காக அப்டேட் ஆகும் வீட்டுக் கணினிக்கு அதோடு வரும் டிஃபெண்டர் போதும். களவு மென்பொருள் போடாமல் இருப்பதே அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

வீட்டு வேலையா, தொழிலா?

இது பலர் நினைத்தே பார்க்காத இடம். வீட்டில் டியூஷன் வகுப்பு நடத்துபவர் வினாத்தாள் அடிக்கிறார், அம்மா கேக் ஓர்டர்களுக்கு எக்செல்லில் பில் போடுகிறார், அப்பா புறக்கோட்டைக் கடையின் கணக்கை இரவில் வீட்டில் பார்க்கிறார். கணினி வீட்டில் இருந்தாலும் வேலை தொழில்தான். மைக்ரோசொஃப்ட் 365 பேர்சனல், ஃபேமிலி இரண்டும், ஒஃபிஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021உம் வணிகம் அல்லாத பாவனைக்கு. தொழிலுக்கு ஹோம் அண்ட் பிஸ்னஸ் அல்லது 365 பிஸ்னஸ் திட்டம் எடுக்க வேண்டும். பிஸ்னஸ் திட்டத்தில் ஒஃபிஸ் அப்களும் சேர்ந்திருந்தால் ஒருவர் 5 கணினி, 5 டப்லெட், 5 ஃபோன் வரை நிறுவலாம். டாலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: சில்வர் என்பது ஒரு பாவனையாளருக்கு, கோல்ட் என்பது ஒரே வலையமைப்பில் உள்ள பலருக்கு. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று சில்வரை இரண்டாக ஓட்ட நினைப்பது சரிவராது.

சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. இலங்கையில் கணினி நிகழ்ச்சித்திட்டங்களைப் பாதுகாப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். சட்டப்படி வாங்கியவர், மூலப் பிரதி பழுதானாலோ தொலைந்தாலோ பாவிக்க ஒரு பிரதி எடுத்து வைப்பதை அது அனுமதிக்கிறது. அந்தப் பிரதியை அடுத்த கணினியில் போடுவது அதற்குள் அடங்காது. களவுப் பிரதி என்று தெரிந்தும் வணிக லாபத்துக்காக அதைப் பாவிப்பது தனிக் குற்றம். நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்பாவின் கடை லப்டொப்பை முதலில் சரிசெய்யுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

காசில்லாமல் நேர்மையாக

எல்லாவற்றுக்கும் காசு கட்ட முடியாது, டொலர் விலையைப் பார்த்தால் அது விளங்கும். ஆனால் களவுக்கும் காசுக்கும் நடுவில் நல்ல வழி இருக்கிறது. ஒஃபிஸுக்குப் பதிலான லிப்ரே ஒஃபிஸ், படம் திருத்தும் ஜிம்ப், வீடியோ பார்க்கும் விஎல்சி, கோப்புகளைச் சுருக்கும் 7 ஸிப், விண்டோஸுக்குப் பதிலான உபுண்டு இவையெல்லாம் திறந்த மூல மென்பொருள்கள். வீட்டில் நாலு கணினி இருந்தாலும் நாற்பது இருந்தாலும் போடலாம், கடை வேலைக்கும் பாவிக்கலாம், அயல் வீட்டுக்கும் பிரதி கொடுக்கலாம். லிப்ரே ஒஃபிஸைத் தமிழ் இடைமுகத்திலேயே ஓட்டலாம். தமிழ் தட்டச்சுக்கான கீமேனும் இதே வகை.

இலவசம் என்று எழுதியிருப்பது எல்லாம் இப்படி அல்ல. தூரத்திலிருந்து இன்னொரு கணினியை இயக்க உதவும் டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவை தனிப்பட்ட பாவனைக்கு மட்டும் இலவசம், தொழிலுக்குப் பாவிப்பதாகத் தோன்றினால் டீம்வியூவர் இணைப்பைத் துண்டித்துவிடும். கோப்புகளைச் சுருக்கும் வின்ரார் 40 நாள் பரீட்சார்த்தப் பாவனைக்கு மட்டுமே, அது வருடக்கணக்காகத் தொடர்ந்து ஓடினாலும் லைசன்ஸ் அதை அனுமதிக்கவில்லை. அதற்குப் பதில் 7 ஸிப் போட்டால் வேலை முடிந்தது.

என் யோசனை இப்படி. தொழிலுக்கு ஓடும் ஒரு கணினிக்கு முறையான லைசன்ஸ். கம்பஸ் பிள்ளைக்குக் கம்பஸ் கொடுத்தது. ஹோல் டெஸ்க்டொப்புக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் லிப்ரே ஒஃபிஸ். பல வீடுகளுக்கு இவ்வளவுடன் முடிந்துவிடும்.

கணினியை விற்கும்போது

விற்கவோ உறவினருக்குக் கொடுக்கவோ போகும் முன், கொப்பியில் அந்தக் கணினியின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஒஃபிஸிலும் அடோபியிலும் சைன் அவுட் பண்ணுங்கள். கணினி ஏற்கெனவே கைமாறிவிட்டால் இணையத்தில் உங்கள் அக்கவுண்ட் பக்கத்துக்குப் போய் அந்தக் கருவியை வெளியேற்றலாம். அன்டிவைரஸ் அக்கவுண்டிலிருந்து அதை எடுத்தால் அந்த இடம் புதுக் கணினிக்குக் கிடைக்கும். ரீடெய்ல் விண்டோஸை நீங்களே வைத்துக்கொள்ள நினைத்தால், விற்கும் முன் அந்தக் கணினியிலிருந்து கீயை நீக்குங்கள், வாங்குபவரிடம் விண்டோஸ் சேராது என்று சொல்லிவிடுங்கள். ஓஇஎம் என்றால் அது அவருக்கே. கடைசியாக மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டின் கருவிப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டு, டிஸ்க்கை முழுக்கத் துடைத்துக் கொடுங்கள்.